வாசகர் கேள்வி பதில்: வின்ஸ்டனின் தலைக்குள் யார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நாவலைப் பற்றியவை. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. சிலருக்கு அது பாடம், சிலர் தாங்களாகவே எடுத்துப் படித்தவர்கள், ஒருவர் அதைப் போலவே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தப் பக்கங்களை முழுக்க இந்த நாவலுக்கும் கதை சொல்லும் வடிவங்களுக்கும் கொடுத்துவிட்டேன். நாவலின் முடிவைப் பற்றியும் பேசப்போகிறேன், எனவே இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வந்து இதைத் தொடருங்கள்.

கேள்வி: நான் இளங்கலை இலக்கிய மாணவி. '1984' எங்களுக்குப் பாடம். கண்காணிப்பு, சர்வாதிகாரம், பொய்ப் பிரச்சாரம் என்று கருப்பொருளைப் பக்கம் பக்கமாக எழுத முடிகிறது. ஆனால் "கதை சொல்லும் முறையை ஆராய்க" என்று கேட்டால் நான்கு வரிக்கு மேல் வரவில்லை. கதை வேறு, சொல்லும் முறை வேறு என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

உங்களைப் போலப் பலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஈ.எம். ஃபார்ஸ்டர் நாவல் கலையைப் பற்றி ஆற்றிய உரைகள் 1927-இல் புத்தகமாக வந்தன. அதில் ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தார் என்றால் அது கதை. ராஜா இறந்தார், அந்தத் துக்கத்தில் ராணியும் இறந்தார் என்றால் அது கதைப்பின்னல். காரணம் உள்ளே வந்ததும் இரண்டு சாவுகளும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடுகின்றன. இதுவரை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். நான் இதோடு இன்னொரு படி சேர்த்துக்கொள்வேன். அதே ராணி இறந்ததை அவளுடைய தோழி சொன்னால் எப்படி இருக்கும்? வைத்தியர் சொன்னால்? அடுத்து ராணியாக வரக் காத்திருந்தவள் சொன்னால்? சம்பவம் மாறவில்லை, காரணமும் மாறவில்லை, ஆனால் நமக்குக் கிடைப்பது முற்றிலும் வேறு கதை. சொல்பவர் யார், அவருக்கு எவ்வளவு தெரியும், எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார், எதை எப்போது நமக்குக் காட்டுகிறார், இவை எல்லாம் சேர்ந்ததுதான் சொல்லும் முறை.

சரி, '1984'-க்கு வருவோம். பள்ளி இலக்கணத்தில் படித்த தன்மை, முன்னிலை, படர்க்கையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கட்சியின் சர்வாதிகாரத்தில் வாழும் வின்ஸ்டன் என்பவனின் கதையைச் சொல்லும் இந்த நாவல் படர்க்கையில் எழுதப்பட்டது. "வின்ஸ்டன் சென்றான்", "வின்ஸ்டன் நினைத்தான்" என்றுதான் போகும். பலர் தேர்வில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தாதீர்கள். படர்க்கை என்றால் கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே அவருக்கு வின்ஸ்டன் ஸ்மித்துக்குத் தெரிந்ததைத் தவிர வேறு எதையும் சொல்ல அனுமதி இல்லை. கேமரா அவன் கண்ணுக்குப் பின்னாலேயே கட்டப்பட்டிருக்கிறது.

அதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஜூலியா நாவலுக்குள் வரும்போது நமக்கு அவளைப் பிடிப்பதில்லை, ஏனென்றால் வின்ஸ்டனுக்கு அவளைப் பிடிக்கவில்லை, உளவு பார்ப்பவள் என்று சந்தேகப்படுகிறான். அவள் கீழே விழுவதுபோல விழுந்து அவன் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைத் திணித்து, அதில் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று இருப்பதை அவன் படிக்கும்போது, நாமும் அவனோடு சேர்ந்துதான் திகைக்கிறோம். அப்புறம் பழம்பொருள் கடைக்காரர் சாரிங்டன். கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசுகிற, பழைய குழந்தைப் பாட்டின் வரிகளை நினைவுபடுத்திச் சொல்கிற கிழவர். வின்ஸ்டன் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். கைது நடக்கும் இரவில் அதே ஆள் நிமிர்ந்து நிற்கிறான், முடி கறுப்பாக இருக்கிறது, வயது முப்பத்தைந்துதான் இருக்கும், மனதில் நினைப்பதையே குற்றமாகப் பிடிக்கும் எண்ணப் போலீஸ்காரன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்தக் கடைக் காட்சிகளில் எத்தனை இடத்தில் அந்த ஆள் வின்ஸ்டனைப் பேசவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறான் என்று உறைக்கும். ஏமாற்றப்பட்டவனின் கண் வழியாகப் பார்த்ததால் நாமும் ஏமாந்தோம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனிமேல் சொல்லப்போவதுதான். மற்ற நாவல்களில் ஒரு பாத்திரத்தின் மனதுக்குள் நம்மை உட்காரவைப்பது நெருக்கத்துக்காக. இங்கே மனசுக்குள் இருக்கும் அந்தச் சில கன சென்டிமீட்டர் இடம்தான் வின்ஸ்டனுக்குச் சொந்தமாக மிச்சமிருக்கும் ஒரே சொத்து, அதை அவனே நினைத்துக்கொள்கிறான். அந்த இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாம் பகுதியில், அன்பு அமைச்சகத்துச் சிறையில், கட்சியின் மேல்மட்ட ஆளான ஓ'பிரையன் அவனைச் சித்திரவதை செய்யும்போது ஒரு கட்டத்தில் வின்ஸ்டன் வாயைத் திறக்காமல் மனதுக்குள் ஒன்று நினைக்கிறான், பிறகு எதற்காக என்னை வதைக்கிறாய் என்று. நடந்துகொண்டிருந்த ஓ'பிரையன், அவன் அதை உரக்கச் சொல்லிவிட்டதைப் போல நின்றுவிடுகிறான், பதிலும் சொல்கிறான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது. இருநூறு பக்கமாக அந்தத் தலைக்குள் நாமும் கதைசொல்லியும் மட்டும்தான் இருந்தோம் என்று நினைத்திருந்தோம், ஓ'பிரையனும் உள்ளே இருக்கிறான். வின்ஸ்டனின் டயரியையும் அவன் படித்திருக்கிறான், அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறான். நாம் படித்த அதே டயரி.

இதற்குப் பிறகு கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். கட்சியின் தலைவரான பிக் பிரதரை அவன் நேசித்தான் என்று முடிகிறது. அதைச் சொல்வது யார்? வின்ஸ்டன் "நான் நேசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், பயத்தில் சொல்கிறான், உள்ளே வேறு நினைப்பான் என்று நாம் தேற்றிக்கொண்டிருக்கலாம். முதல் பக்கத்திலிருந்து அவன் உள்ளத்தை நமக்கு உண்மையாகச் சொல்லிவந்த அதே குரல் அதே தொனியில் சொல்லிவிடுகிறது. தப்பிக்க இடமே இல்லை. தன்மையில் எழுதியிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது. இதை உங்கள் சொந்த வார்த்தையில், இரண்டு காட்சிகளை எடுத்துக்காட்டி எழுதுங்கள், நான்கு வரி நாலு பக்கமாகிவிடும்.

கேள்வி: யூடியூபில் அரை மணி நேரத்தில் கதைச்சுருக்கம் சொல்லிவிடுகிறார்கள். அது போதாதா?

போதாது. மேலே சொன்ன எதுவும் சுருக்கத்தில் இருக்காது, சாரிங்டன் போலீஸ்காரன் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துபோயிருக்கும். முதலில் நாவல், வேண்டுமானால் பிறகு வீடியோ.

கேள்வி: நாவலின் நடுவில் கட்சியின் எதிரி கோல்ட்ஸ்டைன் எழுதியதாக ஒரு புத்தகம் வருகிறதே, பக்கக் கணக்கில் அரசியல் கட்டுரை மாதிரி. கதை அப்படியே நின்றுவிடுகிறது. தாண்டிப் போகலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால், உங்களுக்குத் தோன்றியதுதான் அமெரிக்காவில் பெரிய புத்தக கிளப் ஒன்றுக்கும் தோன்றியது. மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர்களுக்கு அனுப்பும் கிளப் அது. கோல்ட்ஸ்டைன் பகுதியையும் கடைசியில் வரும் பின்னிணைப்பையும் வெட்டிவிட்டுத் தரச் சொன்னார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் பெரிய வருமானம் கைநழுவும் என்பது ஆர்வெல்லுக்குத் தெரியும். இருந்தும் முடியாது என்றார். சில பகுதிகளை எடுத்துவிட்டால் மொத்தக் கட்டுமானமும் நிலைகுலையும் என்பது அவர் வாதம். கடைசியில் கிளப்தான் இறங்கிவந்தது, முழு நாவலையே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி என்ன கட்டுமானம்? முதல் பகுதியில் வின்ஸ்டன் தன் டயரியில் எழுதுகிறான்: எப்படி என்று புரிகிறது, ஏன் என்று புரியவில்லை. இந்த "ஏன்" நாவல் முழுக்க ஒரு முள்ளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. கோல்ட்ஸ்டைன் புத்தகம் கைக்கு வந்ததும் பதில் கிடைத்துவிடும் என்று அவனும் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். புத்தகம் "எப்படி" என்பதை விரிவாக விளக்குகிறது. மூன்று வல்லரசுகள் ஏன் முடிவே இல்லாமல் சண்டை போடுகின்றன, உற்பத்தியாவதைப் போரில் எரித்து மக்களை எப்படி வறுமையிலேயே வைத்திருக்கிறார்கள், எல்லாம் வருகிறது. அடிப்படை நோக்கம் என்ன என்பதற்கு வரும் வாக்கியத்தின் வாசலில் வின்ஸ்டன் படிப்பதை நிறுத்திவிடுகிறான், ஏனென்றால் பக்கத்தில் ஜூலியா தூங்கிவிட்டதைக் கவனிக்கிறான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவனும் தூங்குகிறான். அதன்பிறகு அவனால் அதைத் திறக்கவே முடியவில்லை.

அந்தப் பாதியில் நின்ற வாக்கியத்தை முடித்துவைப்பது ஓ'பிரையன்தான், சிறையில், வலியோடு. கட்சி அதிகாரத்தை அதிகாரத்துக்காகவே விரும்புகிறது, வேறு காரணமே கிடையாது என்கிறான். அதோடு அந்தப் புத்தகத்தை எழுதியவர்களில் தானும் ஒருவன் என்றும் சொல்லிவிடுகிறான். அப்போது நாம் பக்கம் பக்கமாக நம்பிப் படித்த அந்தக் கட்டுரை என்ன ஆகிறது? அதில் சொன்ன விவரிப்பு சரிதான் என்றும் அவனே சொல்கிறான், ஆனால் அது போட்டிருந்த தூண்டில். கதைக்குள் கதை, நூலுக்குள் நூல் என்கிற வடிவத்தை ஆர்வெல் பயன்படுத்திய விதம் இது. படிக்கும்போது அலுப்பாக இருந்தால் மெதுவாக, இரண்டு நாளில் படியுங்கள், ஆனால் தாண்டாதீர்கள்.

கேள்வி: '1984' ஒரு ரஷ்ய நாவலிலிருந்து திருடப்பட்டது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

உங்கள் நண்பர் சொல்வது எவ்கெனி ஜம்யாதினின் 'நாங்கள்' நாவலாக இருக்க வேண்டும். 1920, 21 ஆண்டுகளில் எழுதப்பட்டது, 1924-இல் ஆங்கிலத்தில் வந்தது, சோவியத் நாட்டிலேயே அச்சாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜம்யாதின் கப்பல் பொறியாளர், முதல் உலகப் போர்க் காலத்தில் ரஷ்யாவுக்காகக் கட்டப்பட்ட பனிஉடைப்புக் கப்பல்களை மேற்பார்வையிட இங்கிலாந்தில் தங்கியிருந்தவர். ஆர்வெல் அவருடைய நாவலைப் படித்தார் என்பதில் ரகசியமே இல்லை, பிரெஞ்சு மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு 1946 ஜனவரியில் மதிப்புரையே எழுதினார். ஆனால் இந்த வகை நூல்களில் தனக்கு ஆர்வம் உண்டு, தானும் ஒன்றுக்குக் குறிப்புகள் எடுத்துவருகிறேன் என்று அதற்கு முன்பே, 1944-இல், ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

ஒற்றுமைகள் நிறைய. ஒரே ஒரு தலைவர், எல்லாவற்றையும் பார்க்கும் அரசு, விதியை மீறிய காதல், காதலியே கலகத்துக்கு வழிகாட்டுவது, கடைசியில் நாயகன் உடைவது. இவற்றை வரிசையாக எழுதினால் திருட்டு மாதிரிதான் தெரியும். ஆனால் இரண்டையும் கையில் எடுத்துப் படித்துப் பாருங்கள், வடிவம் எவ்வளவு வேறு என்று புரியும்.

'நாங்கள்' தன்மையில் எழுதப்பட்ட குறிப்பேடு, மொத்தம் 40 பதிவுகள். எழுதுபவன் டி-503, விண்கலம் கட்டும் பொறியாளன், கணிதத்தை வழிபடுபவன். அரசைப் புகழ்ந்து மற்ற கிரகத்தவர்களுக்குச் சொல்லத்தான் எழுதத் தொடங்குகிறான். எழுத எழுத அவன் வாக்கியம் அவனுக்குக் கட்டுப்படாமல் போகிறது, பாதியில் அறுந்து நிற்கிறது, உவமைகள் பொங்குகின்றன, தனக்கு "ஆன்மா" என்ற நோய் வந்துவிட்டதாகப் பதறுகிறான். நாம் அவனைவிட முன்கூட்டியே அவனைப் புரிந்துகொள்கிறோம், தன்மைக் கதைசொல்லலின் பெரிய சக்தி அதுதான். கடைசிப் பதிவில், கற்பனையை அகற்றும் அறுவைச் சிகிச்சை முடிந்தபின், அதே கையெழுத்தில் எழுதுகிறான். தான் உயிராய் நேசித்த பெண் சித்திரவதை செய்யப்படுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை, ஏதோ ஒரு சோதனையை விவரிப்பதுபோல, சலனமே இல்லாமல். அவன் அழிந்துபோனதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, அந்த நடையே காட்டிவிடுகிறது.

வின்ஸ்டன் இதற்கு நேர் எதிர். அவன் முதல் நாளே அரசுக்கு எதிராக எழுதத் தொடங்குகிறான், அவன் டயரி நாவலுக்குள் ஒரு பொருளாக மட்டும் இருக்கிறது, போகப்போக அது நம் பார்வையிலிருந்தே நழுவிவிடுகிறது, கடைசியில் போலீஸ் கையில் இருக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவர் கதையின் எலும்பைப் பெற்றுக்கொண்டார் என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். திருட்டு என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: டிஸ்டோபியா என்ற சொல்லை ஆர்வெல்தான் உருவாக்கினாரா?

இல்லை. தாமஸ் மோர் 1516-இல் தன் கற்பனைத் தீவுக்கு யுடோபியா என்று பெயர் வைத்தார், எங்கும் இல்லாத இடம் என்ற பொருளில். மோசமான இடம் என்று பொருள்படும்படி அதைத் திருப்பிப்போட்ட டிஸ்டோபியா என்ற சொல்லை ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அயர்லாந்து நிலக் கொள்கையைக் கண்டிக்கும்போது பயன்படுத்தினார். நாவல் வகைக்கான பெயராக அது நிலைபெற்றது வெகு காலம் கழித்து.

கேள்வி: நான் ஒரு டிஸ்டோபியா நாவல் எழுதுகிறேன். அந்த உலகத்தின் வரலாறு, ஆட்சிமுறை, தொழில்நுட்பம் எல்லாவற்றையும் விளக்க முதல் ஐம்பது பக்கம் ஆகிவிட்டது. படித்த நண்பர்கள் கதை எப்போது தொடங்கும் என்கிறார்கள். ஆர்வெல் எப்படிச் சமாளித்தார்?

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தின் ஒரு குளிர்ந்த, வெளிச்சமான நாள், கடிகாரங்கள் பதின்மூன்று அடித்தன. மாதமும் வெயிலும் குளிரும் நமக்குத் தெரிந்தவை, எண் மட்டும் இடிக்கிறது. இது வேறு உலகம் என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு எண் போதுமாக இருந்தது.

அடுத்து வின்ஸ்டன் தன் கட்டடத்துக்குள் நுழைகிறான். வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை, பழைய கந்தல் மிதியடி வாடை. லிஃப்ட் ஓடவில்லை, வெறுப்பு வாரத்துக்காகச் சிக்கனம் என்று பகலில் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஏழு மாடி ஏற வேண்டும், அவனுக்கு வயது 39, வலது கணுக்காலுக்கு மேலே நரம்புப் புண், நின்று நின்று ஏறுகிறான். ஒவ்வொரு மாடியிலும் பிக் பிரதரின் பெரிய முகத்தோடு சுவரொட்டி. பாருங்கள், பொருளாதாரம், கட்சி, கண்காணிப்பு, நோய், எல்லாம் ஒரு ஆள் படி ஏறுவதற்குள் வந்துவிட்டது, ஆட்சிமுறையை விளக்கும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஷேவிங் பிளேடு எங்கும் கிடைப்பதில்லை, சக ஊழியன் கடன் கேட்டால் இல்லை என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. சாக்லேட் பங்கு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைக்கப்படுகிறது, மறுநாளே 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி ஊர்வலம் போனதாக அறிவிப்பு வருகிறது, பக்கத்து மேசைக்காரர்கள் அதை அப்படியே விழுங்குகிறார்கள். பொய்யைப் பற்றிய கோட்பாட்டை நாம் புரிந்துகொள்வது இந்த சாக்லேட் வழியாகத்தான். கோல்ட்ஸ்டைன் புத்தகம் வருவது நாவலில் பாதி தாண்டிய பிறகு. அதற்குள் விளக்கம் கேட்டுத் தவிக்கிற நிலைக்கு நம்மைக் கொண்டுவந்துவிடுகிறார்.

உங்கள் ஐம்பது பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம், உங்களுக்கான குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த உலகத்தில் ஒருவருக்கு ஒரு சாதாரணக் காலையில் எது வலிக்கிறது, எது கிடைக்கவில்லை, எதைப் பார்த்தால் பயம், அதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். உங்கள் கையில் இருப்பது உண்மையிலேயே நாவலா? ஒரே ஒரு விபரீதமான யோசனை, அது வெளிப்படும் ஒரே ஒரு கணம் என்றால் அது சிறுகதை, அந்தக் கணத்துக்கு எவ்வளவு பக்கத்தில் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஒரே மனிதர், ஒரே நெருக்கடி, அது படிப்படியாக இறுகுகிறது என்றால் குறுநாவல் போதும். ஒரு மனிதர் மெல்ல மெல்ல வேறு ஆளாக மாற வேண்டும், அவரைச் சுற்றிய உலகமும் பல பக்கங்களிலிருந்து தெரிய வேண்டும் என்றால்தான் நாவலுக்கு வேலை. வின்ஸ்டன் உடைவதை நாம் நம்ப வேண்டுமானால், அவன் துளிர்த்ததை நாம் நூறு பக்கமாவது பார்த்திருக்க வேண்டும். அதனால் அது நாவல்.

கேள்வி: கடைசி வரிக்குப் பிறகு, கட்சி உருவாக்கும் நியூஸ்பீக் என்ற மொழியைப் பற்றி ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. அது நாவலில் சேர்த்தியா, இல்லை வெறும் குறிப்பா?

சேர்த்தி என்றே நான் படிக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே நியூஸ்பீக் என்ற சொல் வரும் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு நம்மைப் பின்னிணைப்புக்கு அனுப்புகிறது. அதாவது அந்த அடிக்குறிப்பைப் போட்டவர் ஒருவர் கதைக்கு வெளியே இருக்கிறார். பின்னிணைப்பு முழுவதும் இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நியூஸ்பீக் என்பது இப்படி இருந்தது, 2050-க்குள் பழைய மொழியை முழுக்க அகற்றுவது திட்டமாக இருந்தது என்கிற தோரணையில். அப்படியானால் எழுதுபவர் அந்த ஆட்சிக்குப் பிறகு வாழ்கிறார், கட்சி விழுந்துவிட்டது, மொழி பிழைத்துவிட்டது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் அவர்களில் ஒருவர். 1985-இல் வந்த அவருடைய டிஸ்டோபியா நாவலும் அந்த ஆட்சி முடிந்து நெடுங்காலம் கழித்து நடக்கும் ஓர் ஆய்வரங்கத்தோடுதான் முடிகிறது.

எதிர்வாதமும் வலுவானதுதான். நாவலே இறந்தகாலத்தில் இருக்கும்போது பின்னிணைப்பும் அப்படி இருப்பது இயல்பு, அதிலிருந்து ஒரு புரட்சியையே ஊகிக்க முடியாது என்பார்கள். நான் எந்தப் பக்கம் என்றால், கட்சி விழுந்தது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் அவன் பிக் பிரதரை நேசித்தான் என்று படித்துப் பேச்சற்று உட்கார்ந்திருக்கும் நமக்கு, பக்கத்தைப் புரட்டியதும் நிதானமான, தெளிவான, யாருக்கும் பயப்படாத ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல் அங்கே இருப்பது எனக்கு முக்கியம். அதை வெட்டச் சொன்னபோது ஆர்வெல் ஏன் மறுத்தார் என்பதும் எனக்கு இப்படித்தான் புரிகிறது.

கேள்வி: மூன்றாம் பகுதியைப் படித்து முடித்ததிலிருந்து மனம் கனத்துக் கிடக்கிறது. எலிக் கூண்டுக் காட்சிக்குப் பிறகு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஒரு சின்ன வெளிச்சம்கூட வைக்காமல் ஏன் இப்படி முடித்தார்? அவருடைய நோய்தான் காரணமா?

உங்களுக்கு அப்படி ஆனதில் ஆச்சரியமில்லை, நான் கல்லூரிக் காலத்தில் முதல்முறை படித்தபோது அந்த எலிக் கூண்டு வரும் 101-ஆம் அறைக்கு முன்னாலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், ஒரு வாரம் கழித்துத்தான் மீண்டும் எடுத்தேன்.

நோய் இருந்தது உண்மை. ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில், ஆள் நடமாட்டம் குறைந்த வடக்கு முனையில் இருந்த ஒரு பண்ணை வீட்டில் பெரும்பகுதியை எழுதினார். காசநோய் முற்றியிருந்தது. தட்டச்சு செய்துகொடுக்க அந்தத் தீவுக்கு வர ஆள் கிடைக்காமல், இறுதிப் பிரதியை அவரே படுக்கையில் கிடந்து தட்டச்சு செய்து 1948 டிசம்பரில் முடித்தார். 1949 ஜூன் 8-இல் நாவல் வெளியானது, 1950 ஜனவரி 21-இல் இறந்துவிட்டார், 46 வயது. காசநோயின் பிடியில் எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று அவரே பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறார். ஆனால் முடிவை நோய் எழுதியது என்று நான் நினைக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே எல்லாம் அந்த முடிவை நோக்கித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. டயரியைத் தொடங்கிய அன்றே தான் செத்தவன் என்று வின்ஸ்டனுக்குத் தெரிகிறது.

வெளிச்சமே இல்லை என்கிறீர்கள். ஒரு இடத்தைக் காட்டுகிறேன், நீங்களே சொல்லுங்கள். நாவலில் அம்மாவைப் பற்றிய நினைவுகள் சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். பசியில் தங்கையின் சாக்லேட்டைப் பிடுங்கிக்கொண்டு வின்ஸ்டன் ஓடுகிறான், அம்மா அந்தக் குழந்தையைக் கையால் அணைத்துக்கொள்கிறாள். அணைப்பதால் சாக்லேட் திரும்பி வராது, இருந்தாலும் அணைக்கிறாள். ஆண்டுக்கணக்கில் மனதிலிருந்து தள்ளிவைத்திருந்த அந்தக் கை அசைவு ஒரு கனவில் அவனிடம் திரும்பி வருகிறது.

கடைசி அத்தியாயத்தில், எல்லாம் முடிந்து, ஜின் குடித்துக்கொண்டு மேசைத் தூசியில் 2+2=5 என்று விரலால் எழுதுகிற அந்த வின்ஸ்டனுக்குள், கேட்காமலே ஒரு காட்சி வருகிறது. மழை பெய்கிற ஒரு மதியம். அம்மா அவனுக்குப் பாம்பும் ஏணியும் விளையாட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். முதலில் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவன், கொஞ்ச நேரத்தில் காய் ஏணியில் ஏறுவதையும் பாம்பில் சறுக்குவதையும் பார்த்துக் கத்திச் சிரிக்கிறான். எட்டு ஆட்டம் ஆடுகிறார்கள், ஆளுக்கு நான்கு வெற்றி. விளையாட்டு புரியாத குட்டித் தங்கை தலையணையில் சாய்ந்துகொண்டு, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரிக்கிறாள்.

அது பொய்யான நினைவு என்று வின்ஸ்டன் தனக்குத்தானே சொல்லி ஒதுக்கிவிடுகிறான். எட்டு ஆட்டம், நான்குக்கு நான்கு என்று எண்ணிக்கை வரை ஞாபகம் இருக்கிறது அவனுக்கு. கதைசொல்லி அவன் தலைக்குள்ளேயே இருப்பவர் என்பதால் குறுக்கிட்டு, இல்லை, அது உண்மைதான் என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் அந்த மதியத்தைப் பார்த்துவிட்டோம்.